சிறப்புக் குழந்தைகளோடு ஒரு ஊழியப் பயணம்: பெயர் கொடுக்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்திலிருந்து வருடந்தோறும் ஒரு குழு சென்னையிலிருந்து கிளம்பி, திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற ஒரு சிறப்புப் பள்ளி விடுதியில் ஒரு வாரம் தங்கி வேலை செய்துவிட்டு வருகிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மனவளர்ச்சிக் குறைவு உள்ள பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். பெயர் கொடுக்க வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்பதையும், கேட்கத் தயங்கி கடைசியில் ரயிலில் வைத்துக் கேட்பதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அங்கே போய் என்னதான் வேலை செய்யப் போகிறோம்?

விடுதி காலை ஐந்தரைக்கே எழுந்துவிடும். பல் தேய்த்துவிட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், தலை பின்ன வேண்டும், காலைத் தாங்கும் கேலிப்பர் மாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும். பள்ளி மணி அடிப்பதற்குள் இத்தனையும் முடியணும். ஆயாம்மாக்கள் இதை வருடம் முழுக்கச் செய்கிறார்கள். அந்த ஒரு வாரம் அவர்களுக்கு இன்னொரு ஜோடிக் கையாக இருப்பதுதான் நம் முதல் வேலை. பகலில் ஸ்பெஷல் டீச்சருக்கும் தெரபி அறைக்கும் உதவி. சாயங்காலம் விளையாட்டு. ராத்திரி துணி மடிப்பு. பாட்டுக்கும் கதைக்கும் ஒரு மணி நேரம் உண்டு, ஆனால் அதற்காக மட்டும் நாம் போகவில்லை.

நிகழ்ச்சி நடத்திவிட்டு வருவதற்கான பயணம் இல்லை இது. அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற வாழ்க்கைக்குக் கொஞ்ச நாள் தோள் கொடுக்கிறோம். நாம் கிளம்புகிற அன்று ஆயாம்மாக்கள் வழக்கத்தைவிடக் களைப்பாக இருந்தார்கள் என்றால், எவ்வளவு பாடியிருந்தாலும் அந்தப் பயணம் சரியாக நடக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

திருநெல்வேலியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

அந்த மண்ணில் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளியை மிஷனெரி ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கினார். காது கேளாதோருக்கான பள்ளியை ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 1897-இல் தொடங்கினார். இரண்டுமே இன்றுவரை நடக்கின்றன. அவர்கள் ஒரு வாரத்துக்கு வந்து போனவர்கள் இல்லை, அங்கேயே தங்கியவர்கள். நம்முடையது குறுகிய பயணம் என்பதை நாம் மறக்காமல் இருக்க இந்த வரலாறு உதவும்.

வாய்ப்புக் கிடைத்தால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கிற அமர் சேவா சங்கத்தையும் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அது கிறிஸ்தவ நிறுவனம் அல்ல. கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் 1975-இல் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவை இழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தன் சொந்த ஊரில் தொடங்கியது. சக்கர நாற்காலியில் இருக்கிறவர் நடத்துகிறவராகவும் முடிவெடுக்கிறவராகவும் இருப்பதை ஒருமுறை நேரில் பார்த்தால் போதும். 'பாவம், இவர்களுக்கு நாம் ஏதாவது செய்யணும்' என்கிற நினைப்பு தானாகவே மாறிவிடும்.

மே லீவில் போனால் எல்லோருக்கும் வசதியாக இருக்குமே?

நமக்கு வசதிதான். ஆனால் மே மாதம் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். போக வீடில்லாத சிலர் மட்டும்தான் விடுதியில் மிஞ்சுவார்கள். அந்தச் சிலருக்காகவே மூன்று நான்கு பேர் போவது நல்லது. ஆனால் பெரிய குழு போனால் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம், நெல்லை வெயில். தண்டுவடப் பாதிப்பு உள்ள பிள்ளைகள் சிலருக்கு உடம்பு தன் சூட்டைச் சரிப்படுத்திக்கொள்ளாது. அதனால் பள்ளி நடக்கிற நாட்களில், பள்ளி சொல்கிற வாரத்தில் போகிறோம். தேதியை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

எனக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. நான் வந்து என்ன பயன்?

நிறைய. போன குழுக்களில் பெரிய உபயோகமாக இருந்தவர்களில் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கிற அண்ணன். வீல்சேரின் முன்சக்கரம் சின்னதாக இருக்கும். அதன் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிச் சுற்றிக் கெட்டியாகி, சக்கரம் திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவர் வராண்டாவில் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, பிளேடால் முடியை அறுத்தெடுத்து, கிரீஸ் வைத்து மாட்டிக் கொடுத்தார். தளர்ந்த பிரேக்கையும் இறுக்கிவிட்டார். அதுவரை யாராவது தள்ளிவிடணும் என்று காத்திருந்த ஒரு பையன், அன்று சாயங்காலம் தானே உருட்டிக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு வந்தான்.

தையல் தெரிந்தவர்கள், சமையல் தெரிந்தவர்கள், எலக்ட்ரீஷியன், நர்ஸ், கணக்கு எழுதத் தெரிந்தவர் எல்லோருக்கும் அங்கே வேலை இருக்கிறது. எதுவுமே தெரியாது என்றால், அவசரப்படாமல் ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடிந்தால் போதும். அவசரப்படாமல் இருப்பதுதான் சென்னைக்காரர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பிறந்தநாளுக்கு ஒருநாள் மட்டும் போய் கேக் வெட்டிவிட்டு வரலாமா?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் கேக்கோடு வரும். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பார்கள். பாட்டு, கைதட்டல், போட்டோ. ஒரு மணி நேரத்தில் கார் கிளம்பிவிடும். அடுத்த வாரம் வேறு குடும்பம். யாரென்றே தெரியாத ஒருவரின் பிறந்தநாளுக்கு அந்தப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கைதட்டுகிறார்கள். தங்கள் பிறந்தநாளுக்கு என்றால் சிலருக்குத் தேதிகூட யாருக்கும் தெரியாது. மாத்திரை நேரமும் தூக்க நேரமும் தள்ளிப்போகிறது, தரையில் சிந்திய கிரீமை ஆயாம்மா துடைக்கிறார்.

உங்களுக்கு ஒருநாள்தான் கிடைக்கும் என்றால், முன்கூட்டியே போன் செய்து, அன்றைக்கு என்ன தேவை என்று கேளுங்கள். ஒரு மூட்டை அரிசி, ஒரு பெட்டி டயப்பர், டாக்டரிடம் கூட்டிப்போக ஒரு வண்டி என்று அவர்களே சொல்வார்கள். அதைக் கொடுங்கள், கேக் வேண்டாம்.

எச்சில், மலம், மூத்திரம் எல்லாம் எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பயமாக இருக்கிறது. இப்படி நினைப்பது பாவமா?

பாவம் இல்லை. முதல்நாள் பலருக்கும் வயிறு புரட்டும். வெளியே போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பிள்ளையின் முன்னால் மூக்கைப் பொத்தாமலும் முகம் சுளிக்காமலும் இருந்தால் சரி. பேசவே வராத பிள்ளைக்கும் நம் முகம் நன்றாகப் படிக்க வரும். இரண்டாம் நாள் மூன்றாம் நாளில் அது அந்தப் பிள்ளையின் எச்சில், அவ்வளவுதான் என்று ஆகிவிடுகிறது. அப்படி ஆகவில்லை என்றால் சொல்லுங்கள், சமையலறையிலும் கடலளவு வேலை கிடக்கிறது.

டயப்பர் மாற்றுவதும் குளிப்பாட்டுவதும் எல்லோருக்கும் கொடுக்கப்படும் வேலைகள் அல்ல. அதற்கான விதிகளைக் கீழே சொல்கிறேன்.

பேச்சு வராத பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

எல்லோரிடமும் பேசுவது போலத்தான். வயதுக்குத் தக்க பேசுங்கள். பதினாறு வயதுப் பையனிடம் மழலையில் கொஞ்சாதீர்கள். பக்கத்தில் நிற்கிற ஆயாம்மாவிடம் 'இவன் சாப்பிட்டானா?' என்று கேட்காமல் அவனிடமே 'சாப்பிட்டியா தம்பி?' என்று கேளுங்கள். அவன் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து கேளுங்கள்.

கேட்ட பிறகு காத்திருக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் பதில் மனதில் உடனே வந்துவிடலாம், ஆனால் அதை உடம்பு வழியாக வெளியே கொண்டுவரத்தான் நேரம் ஆகும். அங்கே பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவாள், இல்லை என்றால் தலையைப் பக்கவாட்டில் திருப்புவாள். நம்மில் ஒரு தங்கை அவளிடம் 'என்ன கலர் ரிப்பன் கட்டட்டும்?' என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் தானே சிவப்பை எடுத்தாள். டீச்சர் அவள் கையை மெல்லப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு ரிப்பனாகக் காட்டச் சொன்னார். சிவப்புக்கு ஒன்றுமில்லை. நீலத்துக்கு ஒன்றுமில்லை. மஞ்சளைக் காட்டி மனதுக்குள் பத்து எண்ணுகிற நேரம் ஆனது. கண் மேலே போனது, கூடவே முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த வாரம் முழுக்க மஞ்சள் ரிப்பன்தான்.

சிலரிடம் படங்கள் ஒட்டிய அட்டை இருக்கும், தொட்டுக் காட்டுவார்கள். சிலரிடம் டேப்லெட்டில் 'ஆவாஸ்' செயலி இருக்கும். படத்தைத் தொட்டால் குரல் வரும், சென்னையிலேயே உருவானது. அந்த அட்டையும் டேப்லெட்டும் பிள்ளையின் வாய்க்குச் சமம். விளையாட்டுக்குக்கூட எடுத்து ஒளிக்கக் கூடாது.

ஆட்டிசம் உள்ள பிள்ளை திடீரென்று கத்தினால், அடித்தால்?

முதலில் நம் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தும் பழக்கத்தில் டிரம், விசில், மைக் எல்லாம் கொண்டு போகத் தோன்றும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் காதில் அடியாகவே விழும். ட்யூப்லைட்டின் இரைச்சல்கூடத் தொந்தரவாக இருக்கும். திடீரென்று தொடுவது, வரிசையை மாற்றுவது, சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்யாமல் விடுவது எல்லாமே காரணமாகலாம். அதனால் நம் குழுவில் மைக் கிடையாது. பாட்டு மெதுவாக, தினமும் அதே பாட்டு, அதே வரிசை. அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்பதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டி, முடிந்ததை எடுத்துவிடுகிறோம். நமக்குச் சலிக்கும். அவர்களுக்கு அந்த ஒழுங்குதான் நிம்மதி.

பிள்ளை கத்த ஆரம்பித்துவிட்டால் நாலு பேர் சூழ்ந்துகொண்டு சமாதானம் சொல்லாதீர்கள். ஒருவர் போதும். அவரும் கொஞ்சம் தள்ளி நின்று, குறைவாகப் பேசி, மற்றப் பிள்ளைகளை நகர்த்திவிட்டு, டீச்சரைக் கூப்பிட வேண்டும். கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், சதை கிழியும். திட்டுவதும் கையோங்குவதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அப்படிச் செய்தவர் அடுத்த ரயிலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்.

ஊட்டிவிடச் சொன்னால் எப்படி ஊட்டுவது?

நம் ஊரில் எல்லோருக்கும் ஊட்டத் தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்குத் தப்பாக ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். அதனால் ஆயாம்மாவோ தெரபிஸ்டோ அந்தந்தப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுக்காமல் யாரும் கரண்டியைத் தொடக் கூடாது.

பொதுவாகச் சில விஷயங்கள் உண்டு. பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், தலை லேசாக முன்னால் குனிந்திருக்க வேண்டும். படுக்க வைத்தோ, தலையைப் பின்னால் சாய்த்தோ ஊட்டக் கூடாது. நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை உங்களைப் பார்க்கத் தலையைத் தூக்கும், அப்போதே தொண்டை திறந்துகொள்ளும். அதனால் ஸ்டூல் போட்டு எதிரே உட்காருங்கள். அரைக் கரண்டி போதும். விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தது. இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். ரசம் சாதம் சுலபம் என்று நமக்குத் தோன்றும். ரசம் தனியாக ஓடி, பருக்கை தனியாக நிற்பதால் இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் கஷ்டம். ஒன்றாகக் குழைந்த பருப்பு சாதமும் கெட்டிக் கஞ்சியும் நல்லது. வெறும் தண்ணீர்கூடச் சிலருக்கு ஆபத்து. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது.

ஒரு தட்டு சாதம் ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகலாம். அந்த முக்கால் மணி நேரம் போனைப் பார்க்காமல் அந்தப் பிள்ளையோடு இருப்பதற்குத்தான் உங்களை அழைக்கிறோம்.

ஃபிட்ஸ் (வலிப்பு) வந்தால் என்ன செய்வது?

உடனே மணி பாருங்கள். பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்துங்கள். தலைக்குக் கீழே மடித்த துண்டை வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். கைகாலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் கரண்டி, துணி, விரல் எதுவும் வைக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்து திணிப்பதால் ஒரு பலனும் இல்லை. நன்றாகத் தெளிகிறவரை தண்ணீர் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ 108-ஐ அழையுங்கள். நர்ஸ் இருப்பார், ஆனாலும் முதல் நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவர் நீங்களாக இருக்கலாம்.

தூக்கம் கெட்டாலும் மாத்திரை தள்ளிப்போனாலும் ஃபிட்ஸ் வர வாய்ப்பு அதிகம். அதனால்தான் 'இன்னும் ஒரே ஒரு பாட்டு' என்று இரவு நிகழ்ச்சியை நீட்ட விடுவதில்லை.

வேறு என்ன கவனம் தேவை?

வீல்சேரில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் முதலில் பிரேக் போடுங்கள், கால்பலகையை மடியுங்கள். கேட்காமல் யாருடைய சேரையும் தள்ளாதீர்கள். தனியாளாகத் தூக்க வேண்டாம், உங்கள் முதுகும் முக்கியம். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்பு மூட்டு தளர்வாக இருக்கும், குட்டிக்கரண விளையாட்டு வேண்டாம். மற்றதை அங்கே சொல்லித் தருவார்கள்.

பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக்கொண்டு வரலாம்?

பள்ளி கொடுக்கிற பட்டியலில் இருப்பதை மட்டும். டயப்பர், தேங்காய் எண்ணெய், பெட்ஷீட், அளவு பார்த்து வாங்கிய உள்ளாடை இதெல்லாம்தான் எப்போதும் தீர்ந்துபோகிறவை. பழைய துணி வேண்டாம்.

பலூன் கண்டிப்பாகக் கூடாது. பிறவியிலேயே தண்டுவடம் சரியாக மூடாத 'ஸ்பைனா பிஃபிடா' பிள்ளைகள் பலருக்கு லேடெக்ஸ் ரப்பர் அலர்ஜி உண்டு, சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும். ரப்பர் கையுறையும் அப்படித்தான், லேடெக்ஸ் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். கடலை, திராட்சை, மிட்டாய் போன்ற உருண்டையான தின்பண்டமும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடலாமா? நாலு பேருக்குத் தெரிந்தால் உதவி வருமே?

கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் படத்தையும் அடையாளத்தையும் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆவது பிரிவில் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். எச்சில் வடிய, துணி விலகிக் கிடக்கிற உங்கள் படத்தை முன்பின் தெரியாத ஒருவர் 'கண்ணீர்' எமோஜியோடு போட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? இந்தப் பிள்ளைகளுக்கும் மானம் இருக்கிறது. குழுவில் ஒருவர் மட்டும், பள்ளியின் எழுத்து அனுமதியோடு, முகம் தெரியாமல் படம் எடுப்பார். சபையில் சாட்சி சொல்லும்போதும் பிள்ளையின் பெயர், ஊர், குடும்பக் கதை எதுவும் வேண்டாம்.

பாதுகாப்பு விதிகள் இவ்வளவு கடுமையாக இருக்கின்றனவே, எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?

விதி எல்லோருக்கும் ஒன்றுதான், போதகர் ஐயாவுக்கும் சேர்த்து. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. குளியல், டயப்பர், உடை மாற்றுதல் எதுவானாலும் பள்ளி ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண்கள் மட்டுமே செய்ய வேண்டும். இரவில் படுக்கை அறைப் பக்கம் தன்னார்வலர் யாரும் போகக் கூடாது. மடியில் உட்கார வைப்பதும் முத்தம் கொடுப்பதும் கிடையாது, கை குலுக்கலாம், தோளில் தட்டலாம்.

நடந்ததை எடுத்துச் சொல்ல முடியாத பிள்ளைகள் இவர்கள். சொன்னாலும் 'அதுக்கு என்ன தெரியும்' என்று தள்ளிவிடுகிற உலகம் இது. தப்பு செய்ய நினைப்பவன் இப்படிப்பட்ட இடத்தைத்தான் தேடி வருவான், அதுவும் நல்லவன் என்ற பெயரோடு வருவான். மனவளர்ச்சிக் குறைவு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து வாழும் 'லார்ஷ்' சமூகங்களை 1964-இல் பிரான்சில் தொடங்கிய ழான் வனியேவை உலகமே பரிசுத்தவானாக நினைத்தது. அவர் 2019-இல் இறந்த பிறகு, பெண்களிடம் அவர் பாலியல் அத்துமீறல் செய்திருந்ததை, விசாரணை நடத்தி 2020-இல் வெளியிட்டது அதே அமைப்புதான். மறைக்காமல் சொன்னார்களே, அந்தத் தைரியம் நம் சபைகளுக்கும் வேண்டும்.

சந்தேகப்படும்படி எதைப் பார்த்தாலும், கேட்டாலும் குழுத் தலைவரிடம் சொல்லுங்கள். அதோடு நிற்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்த யாரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். 'ஊழியத்தின் பெயர் கெட்டுவிடும்' என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

பிள்ளைகள் சுகமாக வேண்டும் என்று கைவைத்து ஜெபிக்கலாமா?

இந்தக் கேள்விக்கு எங்கள் குழுவுக்குள்ளேயே நிறையப் பேசியிருக்கிறோம். நான் நினைப்பதைச் சொல்கிறேன். பிறவிக் குருடனைப் பார்த்ததும் சீஷர்கள் கேட்ட முதல் கேள்வி, யார் செய்த பாவம் என்பது. இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவர் அங்கேயே அதை மறுத்துவிட்டார். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இது தெளிவாக இருக்கிறது. ஆனாலும் நம் சபைகளில் அந்தக் கேள்வி இன்னும் சாகவில்லை. 'சாபம்', 'விசுவாசக் குறைவு', 'பிசாசின் கட்டு' என்று சொல்லக் கேட்டு நொந்துபோய் சபைக்கு வருவதையே விட்ட தாய்மார்களை எனக்குத் தெரியும். இந்த மூன்று வார்த்தைகளும் நம் குழுவில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

எரிகோவில் பர்த்திமேயு கூப்பிட்டபோது, அவன் குருடன் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவர் அவனையே கேட்டார். நாமும் கேட்போம். 'உனக்காக என்ன ஜெபிக்கட்டும்?' என்று ஒரு பையனைக் கேட்டபோது, அண்ணன் கல்யாணத்துக்குத் தன்னைக் கூட்டிப்போக வேண்டும் என்று அட்டையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டினான். அதற்காக ஜெபித்தோம். கால் நடக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. பிள்ளை தலையசைக்காமல் தலையில் கைவைக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் யாரும் நம் குழுவில் வர முடியாது.

இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்களே?

இருப்பார்கள். கதை நேரத்துக்கு வருவது அவரவர் விருப்பம், பெற்றோரின் அனுமதியும் வேண்டும். வராத பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் விளையாட்டு உண்டு, பிஸ்கட்டும் சமம். மறுக்கத் தெரியாத ஒரு பிள்ளையிடம் மதம் மாற்றும் நோக்கத்தோடு போவது ஊழியமே இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். சில மாநிலங்களில் இதற்குச் சட்டமும் உண்டு, சிறுவர்கள் விஷயத்தில் தண்டனையும் கூடுதல்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. வரலாமா?

டூரிஸ்ட் விசாவில் மிஷனெரி வேலை செய்ய அனுமதி இல்லை. ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்களுக்கும் மிஷனெரி செயல்பாடுகளுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று 2021 மார்ச்சில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. முதலில் அங்கே இருக்கிற இந்தியத் தூதரகத்தில் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். நம்மால் பள்ளிக்கு விசாரணையும் அலைச்சலும் வரக் கூடாது.

என் பிள்ளையே சிறப்புக் குழந்தை. நாங்கள் குடும்பமாக வரலாமா?

தாராளமாக. உங்களைப் போன்ற பெற்றோர் வந்தால்தான் மற்றவர்கள் சரியாகக் கற்றுக்கொள்கிறார்கள். உங்கள் பிள்ளைக்குப் பழகிய தலையணை, தட்டு, மாத்திரை எல்லாம் எடுத்து வாருங்கள். கீழ் பெர்த் பார்த்துக்கொள்கிறோம். அண்ணன் தம்பி அக்கா தங்கைகளையும் கூட்டி வாருங்கள். வீட்டில் எப்போதும் 'நீதான் விட்டுக்கொடுக்கணும்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள், தங்களைப் போலவே இன்னொரு பிள்ளையைப் பார்த்ததும் மனம்விட்டுப் பேசுவார்கள். மற்றபடி, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோடு மட்டுமே வரலாம்.

செலவு? அந்தப் பணத்தைப் பள்ளிக்கே அனுப்பிவிட்டால் என்ன?

நியாயமான கேள்வி. ரயில், சாப்பாடு அவரவர் செலவு. எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர்தான், ஏ.சி. வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் தன் பயணச் செலவுக்குச் சமமான தொகையைப் பள்ளிக்கும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி, அது ஆயாம்மாக்களின் சம்பளத்துக்குப் போகிறது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பணத்தை அனுப்புங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை.

கிளம்பும்போது பிள்ளைகள் அழுதால் தாங்க முடியாதே?

அதை முதல் நாளிலிருந்தே யோசிக்க வேண்டும். சுவரில் ஒட்டுகிற படத்திலேயே நாம் ஊருக்குப் போகிற நாளும் இருக்கும், தினமும் காட்டிச் சொல்வோம். ஒரே பிள்ளையை வாரம் முழுக்கத் தன்னோடு ஒட்ட வைத்துக்கொள்ளக் கூடாது. 'சீக்கிரம் வரேன்' என்று சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வர முடியாவிட்டாலும் கடிதம் போடுங்கள், டீச்சர் வாசித்துக் காட்டுவார். எழுதுவதாகச் சொன்னால் எழுத வேண்டும். அதோடு, எல்லாப் பிள்ளைகளும் அழ மாட்டார்கள். சிலர் நாம் கிளம்புவதைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள், அதற்காக மனம் வாடாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு?

உங்கள் தெருவிலேயே ஒரு சிறப்புக் குழந்தை இருக்கும். அந்த அம்மா கடைசியாக எப்போது தனியாகக் கடைக்குப் போனார் என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் பிள்ளையோடு இருங்கள், பழகிய பிறகு. மெரினாவில் வீல்சேர் போவதற்கான மரப்பாதையை 2022 நவம்பரில் திறந்தார்கள், புயலில் சேதமாகி மறுபடி சரிசெய்தார்கள். வீல்சேரில் இருக்கிற எத்தனை பேரை அங்கே கூட்டிப்போக ஆள் இல்லை என்று விசாரித்துப் பாருங்கள்.

அப்புறம், நம் ஆலயத்தின் வாசற்படி. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் கட்டினால்தான் வீல்சேர் பாதுகாப்பாக ஏறும். செங்குத்தாக ஒரு பலகையைச் சாய்த்துவைப்பது சாய்தளம் ஆகாது. கமிட்டியில் இதைக் கேளுங்கள். ஆராதனை நடுவில் ஒரு பிள்ளை சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்கிற கண்களைப் பற்றியும் பேசுங்கள்.

பெயர் கொடுக்க என்ன செய்ய வேண்டும்?

விண்ணப்பத்தோடு காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ், உறவினர் அல்லாத இருவரின் பரிந்துரைக் கடிதம், உங்கள் உடல்நிலை விவரம் ஆகியவற்றைப் போதகர் ஐயாவின் அலுவலகத்தில் கொடுக்கலாம். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை முழுநாள் பயிற்சி. ஊட்டுவதும் தூக்குவதும் ஒருவருக்கொருவர் செய்து பார்க்கிற நாள் அது, அதற்கு வராதவர்களைக் கூட்டிப்போவதில்லை. இருமல், காய்ச்சல் இருந்தால் கடைசி நேரமானாலும் சொல்லிவிடுங்கள், டிக்கெட்டை ரத்து செய்துகொள்ளலாம்.